மூடியில்லாத தண்ணி

இல்லீங்க, மிஷினு பொய் சொல்லாது. நாலு கம்பிய வரிசையா நட்டு மண்ணுக்குள்ள கரண்டு வுட்டா, கீழ எங்க பாறை, எங்க களிமண்ணு, எங்க தண்ணின்னு ஒரு மாதிரி தெரிஞ்சிடும். அதான் என் வேல. மனுசங்கதான் பேஜாரு.

வெள்ளிமேடுப்பேட்டை பக்கம் ஒரு ஊருங்க. எண்பத்தி மூணு வறட்சியில கெணறெல்லாம் காஞ்சிபோயி, போர் போட எடம் பாக்கச் சொன்னாங்க. ரெண்டு எடத்துல தண்ணி காட்டுச்சு. ஒண்ணு ஊருக்குள்ள, குட்டை ஓரம். தண்ணி மேலாக்கவே கெடக்குது, ஆனா கீழ வரைக்கும் வெறும் மணலு. ஊர்ச் சாக்கடை பூரா அந்தக் குட்டையிலதான் வுழுது. நேரா எறங்கிடாதா? இன்னொண்ணு காலனியில. பாறை வெடிப்புல நல்ல தண்ணி, மேல கனமா களிமண்ணு, மூடி போட்ட பானை கணக்கா.

காலனியிலதான் போடணும்னேன். பிரசிடெண்ட்டு விருத்தாசலம் ஒத்துக்கல. சிரிச்சிக்கினே கேட்டாரு, நம்ம வூட்டுப் பொம்பளைங்க கொடத்தத் தூக்கிக்கினு அங்க போயி நிக்கணுமான்னு. கொழந்தைங்க குடிக்கிற தண்ணின்னு எவ்ளோ சொல்லிப் பாத்தேன். எங்க ஆபீசருகிட்ட போனா, ஊர்ல தகராறு வேணாம்யா, அவங்க கேக்குற எடத்துலயே போட்டுடுன்னுட்டாரு. அப்புறம் என்னாத்துக்கு நான், என்னாத்துக்கு மிஷினு, சொல்லுங்க. குட்டை ஓரத்துல பம்பு வந்துச்சு, அதுக்கு மாலை வேற.

இந்த மழைக்குக் குட்டை ரொம்பி வழிஞ்சிது. அப்புறம் ஊர் பூரா வாந்தி பேதி. ஜல்தியா ஓடிப்போயி, பம்பு கைப்புடிய கழட்டுங்கன்னு கெஞ்சினேன். திருவிழாச் சோறு ஒத்துக்கலன்னு சொல்லிக்கினு இருக்காங்க. காலனியில ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. ஆமாங்க, அந்தப் பம்புல அவங்கள கை வெக்க வுட்டாத்தானே. பாவம், எங்கியோ கொல்லக்காட்டுக் கெணத்துல போயி மொண்டுக்கினு வர்றாங்க.

இல்லீங்க, இன்னிக்கி மிஷினு எடுத்தாரல. அந்த ஊருக்குத்தான் போறேன், ஆனா வேலைக்கு இல்ல. விருத்தாசலம் எங்க அக்கா புருசன். ஒரே பொண்ணு அவங்களுக்கு. சாயங்காலம் எடுக்குறாங்க, தாய்மாமன் வரட்டும்னு வெச்சிக்கினு இருக்காங்களாம். திண்டிவனத்துல எறங்கி கோடித்துணி எடுத்துக்கினு போவணும். பெரியவரு நீங்க, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அஞ்சு வயசுக் கொழந்தைக்கி எவ்ளோ துணிங்க வாங்கணும்?