சிரிச்சா விழுவேன்

ஹலோ... ஆமா, தேச்சம்மாதான். சொல்லுங்க நாணய்யா... இல்ல, மிளகு பறிக்க ஆள் வந்திருக்கு. பின்பக்கப் படியில நிக்கிறேன்...

ஆமா, ஆமா. ஞாயித்துக்கிழமை நம்ம கல்யாணம் முடிஞ்சு, குடகு வழக்கப்படி உங்க வீட்டுக் கிணத்துல நான் தண்ணி எடுக்கணும்... தெரியும், நான் தலையில குடத்தோட நிக்க, உங்க ஆளுங்க வழிய மறிச்சு ஆடுவாங்க... மூணு மணி நேரமா? உங்க தம்பி சேலை கட்டியா ஆடப் போறான்? போதும், நிறுத்துங்க. சிரிப்புக் காட்டாதீங்க.

...கோவமெல்லாம் இல்லங்க. ஒண்ணு சொல்லணும். வீட்ல சொல்லாதேன்னாங்க...

எனக்குச் சிரிப்பு வந்தா முட்டி விட்டுடும்... விளையாட்டு இல்ல, நெஜமா. சிரிச்சா, ரொம்ப சந்தோஷம் வந்தா, கால் துவண்டு அப்படியே சரிஞ்சிடுவேன். நாக்கு குழறும். நினைவு இருக்கும், காது கேக்கும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்... பாத்தாச்சு, மைசூர்ல. வலிப்பு இல்லையாம். தூக்க வியாதியோட சேர்ந்ததாம். மாத்திரை சாப்பிடுறேன்...

அழுகைக்கா? அதுக்கு ஒண்ணும் ஆகாது. அப்பாவ எடுத்தப்ப ஆடாம அசையாம நின்னேன்.

பெரியப்பா பொண்ணு கல்யாணத்துல விழுந்தேன். நான் குடிச்ச பிராந்தி ஜாஸ்தின்னு வீட்ல சமாளிச்சுட்டாங்க... ஆமா, நீங்க சிரிங்க. அதுலருந்து, சிரிச்சுட்டிருக்கிற கூட்டம் என்னைப் பாத்ததும் காப்பி விலை பேச ஆரம்பிச்சிடும். எங்க வீட்ல எங்கிட்ட யாரும் ஒரு ஜோக் சொல்றதில்ல. பொண்ணு பாக்க வந்தப்ப நீங்கதான் ஒண்ணு சொன்னீங்க. நான் உம்முன்னு இருந்தேன்ல? சிரிப்ப அடக்கத் தொடையக் கிள்ளிக்கிட்டு இருந்தேன். அதனாலதான் உங்களுக்குச் சரின்னேன்...

ஹலோ? இருக்கீங்களா?

...ம். யோசிங்க, யோசிங்க.

...என்ன, சொல்லவான்னா கேக்கிறீங்க? இருங்க, இருங்க. நீங்க பாட்டுக்கு எதையாவது நல்லதா சொல்லி, நான் படியில உருண்டுடப் போறேன். ஒரு நிமிஷம்... உக்காந்துட்டேன். சுவத்துல நல்லா சாஞ்சுக்கிட்டேன். இப்ப சொல்லுங்க.

...ம்.

...ம்.

...உங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க, சரி. நீங்க?

...ஓ.

...இல்ல, புரியுது. பத்திரிகை வெச்ச வீட்டுக்கெல்லாம் கல்யாணம் இல்லன்னு நாங்களே சொல்லிடுறோம். உங்க மேல பழி வராது...

என்னங்க? இல்லல்ல, விழல. கையும் காலும் நல்லா கெட்டியா இருக்கு. ஒண்ணுமே ஆகல எனக்கு...

ஹலோ?