காது மெஷினுக்கு ஓய்வு

ஐசக் சார், உங்கள் கடையில் நான் வாங்கிய காது மெஷினில் ஒரு குறையும் கிடையாது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் தண்ணீர் லாரி டிரைவர் கொட்டாவி விட்டால், பீர்க்கன்கரணையில் என் வீட்டுக் கூடத்தில் கேட்கும்.

"பேட்டரி பாதியில நின்னுடுச்சு, அதனாலதான் அம்மா கடைசியாக் கூப்பிட்டது அப்பாவுக்குக் கேக்கல" என்று என் மகள் ஷீலா உங்கள் கடை வாசலில் நின்று சத்தம் போட்டாளாம். அதற்குப் பிறகு கடைப்பக்கம் யாரும் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். அவளிடம் பேட்டரி கதையைச் சொன்னது நான்.

பக்கவாதம் வந்து என் மனைவி யூனிஸ் படுத்து மூன்று வருடம். ஒரு பக்கம் கை கால் விழுந்ததே தவிர வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாளைக்கு நானூறு தடவை கூப்பிடுவாள். பக்கத்து ஏரிக் கொக்குகள்கூட 'ஏங்க' என்று கத்தப் பழகிவிட்டன.

"ஏங்க, ஃபேனை ஒண்ணுல வைங்க." வைப்பேன். உட்காருவதற்குள், "ஏங்க, ரெண்டுலயே இருக்கட்டும்." கொஞ்சம் தாமதமானால், "காது கேக்காத மெஷினாப் பார்த்து வாங்கிட்டு வந்தீங்களா?"

டாக்டரம்மாதான் சொன்னார்: "சார், நீங்க படுத்துட்டா அவங்களை யாரு பார்ப்பா? தினம் ஒரு மணி நேரம் உங்களுக்குன்னு ஒதுக்குங்க."

நான் எங்கே போவேன்? சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். மெஷினுக்கும் ஓய்வு வேண்டும் என்று யூனிஸிடம் சொன்னேன், நம்பினாள். அந்த அமைதி இருக்கிறதே, சொர்க்கத்தில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்ட மாதிரி.

அன்று செவ்வாய்க்கிழமை, நாலே முக்கால் இருக்கும். கட்டில் என் நாற்காலியிலிருந்து எட்டு அடி. கதவு திறந்துதான் இருந்தது. நல்ல கையால் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். புரை ஏறியது. வாய் திறந்து திறந்து மூடியது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் சிரித்து, பதிலுக்குக் கையாட்டினேன்.

புரியாமல் இல்லை. ஃபேனுக்குக் கூப்பிடும் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்தக் கை இல்லை. ஆனால் ஒரு நாள் இடையில் எழுந்துவிட்டால் மறுநாளும் எழவேண்டி வரும், சார். பிறகு அந்த ஒரு மணி நேரம் என்னுடையதாக இருக்காது. அவள் கை கீழே விழுந்த பிறகும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

முள் ஐந்தைத் தொட்டதும் மெஷினை மாட்டிக்கொண்டு, "என்னம்மா வேணும்?" என்று கேட்டபடி ஓடினேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.