மாப்பிள்ளை பேரில் அம்மை குத்தியது

தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற, அம்மை குத்திய சீட்டு வேண்டும். லம்பா லைன் பேட்டையில், அம்மை குத்தும் இடத்தில் அதற்கு வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றார்கள்.

“நீ பயந்துட்டேன்னு போன மாசம் உன் பேர்ல நான் குத்திக்கிட்டு, மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன் மாப்ளே.”

“அதான் சீட்டு இருக்கே மச்சான். அது போதாதா?”

“கப்பல் ஏறுற ஜெட்டியில டாக்டர் சாப் சீட்டை எங்க பாக்குறாரு? ‘ஹாத் திகாவ்’ன்னு கையைத்தான் பாக்குறாரு. தழும்பு என் கையில இருக்கு.”

“இந்தக் கப்பலை விட்டா முகூர்த்தம் போயிடும். எனக்குப் பதிலா நீயே கையைக் காட்டிட்டு எறங்கிடேன்.”

“எதுக்கு எறங்கணும்? அப்படியே மெட்ராஸ் போயி தாலியும் கட்டிட்டு வந்துடறேன்.”

மாப்பிள்ளை சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டார்.