பனி முடிஞ்சதுன்னு போட்டுராதீங்க

அட, குளிரு அளக்குற மீட்டர் காட்டுறதத்தான தம்பி நான் தெனமும் விடியக்காலம் வாட்ஸப் குரூப்புல போடுதேன்? கூட்டியும் போடல, கொறச்சும் போடல. மத்த அஞ்சு பேரு மாடியிலயும் பனி போயிருச்சு, இந்தப் பிரேம்குமார் மாடியில மட்டும் எப்படிய்யா இன்னும் பத்தொம்பது டிகிரி காட்டுதுன்னு ஹரிகிருஷ்ணன் சார் உங்கள அனுப்பி வச்சா, நான் என்ன பண்ண? அது போக மாட்டேங்குது. கழுத்தப் பிடிச்சா தள்ள முடியும்? சரி, வந்தது வந்துட்டீங்க, ஒக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஊனம். இந்தத் தொட்டிச் சொவர்ல ஒக்காருங்க. வன்னியம்பட்டியில இருந்து பைக்குலயா? ஜெர்க்கின் கூட இல்லாமயா? குளிரலையா? அது எளந்தாரி ரத்தம் தம்பி, அதயெல்லாம் கணக்குல எடுக்கக் கூடாது.

நீங்க குரூப்புக்குப் புதுசு, சிவபாண்டி. அதனால சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க. நமக்குன்னு ஒரு மொற இருக்கு. ஆறு மாடியிலயும் விடியக்காலத்துல இருவதுக்கு மேல ஒரு வாரம் நின்னாத்தான் சார் வாயத் தொறந்து, பனி முடிஞ்சதுன்னு வாய்ஸ் போடுவாரு. ஒரு மாடி எறங்குனாலும் போட மாட்டாரு. பேங்க்குல இருந்து ரிட்டயர் ஆனவருலா, கையெழுத்துல ஒரு சுழி கொறஞ்சாலும் செக்கத் திருப்பி விட்ட ஆளு. வழக்கமா மாசியில, சிவராத்திரி கழிஞ்சுதான் அந்த வாய்ஸ் வரும். இந்த வருசம் தை பாதியிலயே எல்லாரும் துள்ளுதீங்க. குரூப் ஆரம்பிச்சதுல இருந்து இம்புட்டுச் சீக்கிரம் முடிஞ்சதே இல்ல, ரெக்கார்டு ரெக்கார்டுன்னு ஆலங்குளத்துக்காரரு பட்டாசு படமெல்லாம் போடுதாரு. பனி போறதுக்கு எதுக்குய்யா பட்டாசு?

உங்களுக்கு அது ஒரு வாய்ஸ். இந்த வீட்டுக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு. கீழ கொரங்குக் குல்லாயும் மப்ளருமா ஒருத்தர் ஒக்காந்து, எந்த ஊரு, யாரு மகன்னு உங்கள வெசாரிச்சாவளே, அவியதான் எங்க மாமா, பொன்னுராஜ். கீழ ஓடுத பேண்டேஜ் தறி அம்புட்டும் அவியளுதுதான். முப்பது வருசமா அந்தப் பஞ்சுத் தூசியக் குடிச்சுக் குடிச்சு இழுப்பு வந்துருச்சு. பனி எறங்குச்சுன்னா மூச்சு விசில் அடிக்கும். நெஞ்ச நீவிவிட ஆள் வேணும், வெந்நி வைக்க ஆள் வேணும். அத்தை போயிச் சேந்தாச்சு. எம் பொண்டாட்டி ஜாஸ்மின் அவியளுக்கு ஒரே மக. அதனால கார்த்திகை பொறந்தா, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டப் பூட்டிட்டு நானும் ஜாஸ்மினும் இங்க வந்துருதோம். சார் வாய்ஸ் வந்த அன்னைக்குப் பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிருவோம். அதான் பேச்சு. நான் சொன்னாலும் மாமா நம்ப மாட்டாவ, டிவி சொன்னாலும் நம்ப மாட்டாவ. காலையில எந்திரிச்சதும் என் போன ஸ்பீக்கர்ல போடச் சொல்லி, சார் வாய்ஸ் வந்துருக்கான்னுதான் கேப்பாவ. அவரு சொன்னாத்தான் பனி முடிஞ்சது. இல்லாட்டி, வேர்த்து ஒழுகுனாலும் குல்லாயக் கழட்ட மாட்டாவ.

இந்த மூணு மாசம் நான் படுத பாடு இருக்கே. மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டுச் சோறு, அவனுக்கென்ன கொறச்சன்னு வெளிய இருந்து பேசுதவன் பேசுவான். உள்ள வந்து பாத்தாத் தெரியும். சன்னல் ஒண்ணு தொறக்கக் கூடாது, இடுக்குல எல்லாம் துணியச் சுருட்டி அடச்சிருக்காவ. ஃபேன் போடக் கூடாது. பவுடர் அடிக்கக் கூடாது, தூசியாம். கடுகு தாளிக்கக் கூடாது, பொகையாம். தயிரக் கண்ணுல காட்டக் கூடாது. கிறிஸ்மசுக்குக் கட்டுன ஸ்டார எறக்கணும்னா பால்கனிக் கதவத் தொறக்கணும்னு, இன்னும் அது தொங்கிக்கிட்டே கெடக்கு. ஏழரைக்கு ஜெபம், எட்டுக்கு லைட்ட அமத்திருவாவ. எட்டு மணிக்கு எந்த ஆம்பளைக்குத் தம்பி தூக்கம் வரும்? எங்க ரூம்ல பாதி பேண்டேஜ் பண்டலு, மீதியில நாங்க. நீலகிரித் தைல வாடையில அந்தத் தலகாணிக்குக் கூடச் சளி பிடிக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன், அங்க நாலு பேரு என்னைய அண்ணாச்சிம்பான். சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி இங்க வந்து செருப்பக் கழட்டுறேன், அதுக்குள்ள உள்ள இருந்து சத்தம் வந்துரும், மாப்ள, கதவச் சாத்துங்கன்னு. எலி தானா நடந்து வந்து பொறிக்குள்ள ஒக்காந்து, கதவையும் தானே சாத்திக்கிட்ட மாதிரிதான் என் பொழப்பு. விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சும்மாவா சொன்னான்? எனக்கு மூணு மாசம்.

இந்த மாடி ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. மாமாவால படி ஏற முடியாதுலா. மழ அளக்குற குடுவ, மீட்டர், அந்தக் காத்தாடி, எல்லாம் அதுக்காக வாங்குனதுதான். வானத்தப் பாக்குற ஆசையெல்லாம் பொறவு வந்தது. மொதல்ல மூச்சு முட்டித்தான் மேல ஓடி வந்தேன். வந்தவன் சும்மா நின்னா, மாப்ள மாடியில என்ன பண்ணுதாருன்னு கேள்வி வரும். கையில ஒரு மீட்டர் இருந்துச்சுன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாவ.

என்னங்கீங்க? பனி முடிஞ்சா எனக்குத்தான விடுதல, நாந்தான மொதல்ல துள்ளணுமா? நல்லாத்தான் கேக்குதீங்க. நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம். மாமா ஒடம்பு முக்கியம்லா தம்பி. நாம பாட்டுக்குப் பனி போச்சுன்னு போட்டு, அவிய சன்னலத் தொறந்து போட்டுப் படுத்து, மறுநா இழுத்துச்சுன்னா யாரு பதில் சொல்ல? தைப் பனி தரையப் பொளக்கும், மாசிப் பனி மச்சத் தொளைக்கும்னு சொல்லியிருக்காவளா இல்லையா? மாசி இன்னும் பொறக்கவே இல்ல.

ம்? மலையா? தெரியுது. மேக்க மலை கழுவி வச்ச மாதிரி பளிச்சுன்னு தெரியுது, இல்லன்னு சொல்லல. அதுக்கு? எந்தப் பாட்டிலு? அதுவா... அது நல்லெண்ண. அட, மோந்தெல்லாம் ஏன் பாக்குதீங்க? சரி. தேங்காண்ணதான். உறையல, ஒத்துக்கிடுதேன். போன வருசம் இதே மாசம் பாட்டில வெயில்ல வச்சு உருக்கித்தான் தலையில தேச்சேன், இந்த வருசம் பொங்கலுக்குப் பொறவு ஒரு நாளும் உறையல. கைசிக ஏகாதசியில ஆண்டாளுக்கு நூத்தெட்டுப் போர்வ சாத்துனப்பவே கடைக்கு வந்தவன் சொன்னான், சாமிக்கே வேர்க்கும் போலருக்கு அண்ணாச்சின்னு. இருந்துட்டுப் போகட்டும். எண்ணெயையும் சாமியையும் வச்சா நாம ரீடிங் போடுதோம்? மீட்டர் என்ன சொல்லுதோ அதான.

அந்த மீட்டர் பொட்டியத் தொறக்காதீங்க. தள்ளி நின்னு பாத்தாப் போதும். கை பட்டா மாறிரும், உங்களுக்குத் தெரியாததா? தம்பி. ஏலே, சொல்லுதேன்ல!

ம்.

ஆமா. பேண்டேஜ் துணிதான். ஈரந்தான்.

பனியில நனைஞ்சதுன்னு சொன்னா நம்புவீங்களா? மாட்டீங்க. சொட்டுது, பனி எங்க இப்படிச் சொட்டும்? படுக்கப் போறதுக்கு முன்னால நாந்தான் தண்ணியில முக்கி, மீட்டர் முனையில சுத்தி விட்டுட்டுப் போவேன். ஈரத்துல காத்து பட்டா ரெண்டு மூணு டிகிரி தன்னால எறங்கிரும். பானத் தண்ணி குளுந்து கெடக்குல்லா, அதே கததான். நேத்துக் கொஞ்சம் கூடவே முக்கிட்டேன் போலருக்கு. கீழ துணிக்கா பஞ்சம்? பொய் சொல்லலன்னீங்களேன்னா கேக்குதீங்க? மீட்டர் காட்டுறதத்தான் போடுதேன்னுதான சொன்னேன்... சரி, சரி. பொய்தான். அஞ்சு பேரு குளிருலயும் இருட்டுலயும் எந்திரிச்சு ஒழுங்காப் பாத்து எழுதுனத நான் ஒருத்தன் கெடுத்து வச்சிருக்கேன். தெரியுது. வெக்கமாத்தான் இருக்கு.

இன்னும் ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. இந்தப் பனி போறத மொதல்ல கண்டுபிடிச்சதே நாந்தான். ஆலங்குளமும் இல்ல, சாரும் இல்ல. பொங்கல் கழிஞ்சு ஒரு நா, விடியுற நேரத்துக்கு மப்ளரச் சுத்திக்கிட்டு மேல வாரேன், கழுத்து கசகசங்குது. இந்தத் தகரத்து மேல கைய வச்சுப் பாக்கேன், பொட்டு ஈரம் இல்ல. பின்வீட்டு மாமரத்துல பூவச் சுத்தி வண்டு இரையுது. மீட்டரப் பாக்கவே வேண்டாம், ஒடம்பு சொல்லிருச்சு. எனக்கு வந்த சந்தோசத்துக்கு, இந்த இடத்துல நின்னு ஒரு ஆட்டம் போட்டேன்னு வச்சுக்கோங்க. இன்னும் ஒரு வாரம், பத்து நாளு. நம்ம வீட்டுக்குப் போயிரலாம். ஃபேன அஞ்சுல வச்சுட்டு மல்லாந்து படுக்கலாம். தயிர ஊத்திப் பெசஞ்சு அடிக்கலாம். பத்து மணி வரைக்கும் லைட்டு எரியும், கேக்க ஆள் கெடையாது. குரூப்புல போடணும்னு கூடத் தோணல. ஜாஸ்மின்ட்டச் சொல்லணும்னு தடதடன்னு எறங்கி ஓடுனேன்.

அவ அந்நேரத்துக்கே தறிக்கிட்ட நிக்கா. ரெண்டு வருசமா பனிக்காலத்துல தறிய அவதான் பாத்துக்கிடுதா. மாமாவால கத்த முடியாதுலா. நூல் அறுந்தா எந்தத் தறின்னு சத்தத்த வச்சே சொல்லிருவா. கேரளாவுல இருந்து ஆஸ்பத்திரி ஆர்டர்க்காரன் பேசுனா, பாதி மலையாளம் பாதி தமிழ்ல பேசி மடக்கிப் போட்டுருவா. வேல பாக்குற பொம்பளைங்க அவளச் சுத்தி நின்னு என்னமோ பேசுவாளுவ, இவ சத்தமாச் சிரிப்பா. அங்க நின்னா அவ ஆளே வேற, தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. அங்க நான் காலையில கடைக்குப் போயிருவேன், இருட்டித்தான் வருவேன். அதுவரைக்கும் அவளும் டிவியும்தான். பிள்ள குட்டியும் இல்ல. அதெல்லாம் நான் ஒரு பெரிய விசயமா நெனச்சதே இல்ல, பாத்துக்கோங்க.

ஏட்டி, பனி போயிருச்சுன்னேன். அப்படியான்னா. மொகத்துல ஒண்ணும் இல்ல. அப்பாட்ட இப்பச் சொல்லாதீங்க, குரூப்புல வரட்டும்னுட்டு அறுந்த நூல முடிய ஆரம்பிச்சுட்டா.

சரி, எழும்புங்க, வெயில் ஏறுது. போட்டோ எடுத்தாச்சுல்லா? நல்லா வெளிச்சத்துல ஒண்ணு எடுத்துக்கோங்க. துணியையும் நீங்களே அவுத்துருங்க, என் கையால அவுக்க முடியாது. சார்ட்டக் காமிங்க, என்னைய குரூப்ப விட்டுத் தூக்குனாலும் தூக்கட்டும். பனி முடிஞ்சதுன்னும் போடட்டும், முடிஞ்சதுதான. ஆனா ஒரே ஒரு ஒத்தாச தம்பி. இன்னைக்கு வேண்டாம். ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு போடச் சொல்லுங்களேன். ரெண்டு நாளுதான, ரெண்டு நாள்ல உங்க ரெக்கார்டு எங்கயும் ஓடிப் போயிராது. எறங்குறப்ப மாமா கண்டிப்பாக் கேப்பாவ, என்னப்பா பாத்தியான்னு. இன்னும் ஒரு ரீடிங் பாக்கணும்னு சொல்லிருங்க. ஜாஸ்மின் பக்கத்துலதான் காபியோட நிப்பா. அவ காதுல விழுற மாதிரி எதும் சொல்லிராதீங்க.

பனி முடிஞ்சதுன்னு வாய்ஸ் வந்த அன்னைக்கு நான் மட்டும் கெளம்பணுமாம். அவ வரலையாம்.

மாமாவுக்காகவா? நானும் அப்படித்தான் கேட்டேன். இல்லன்னுட்டா. பூட்டிக் கெடக்குற அந்த வீட்டத் தொறந்து ஒத்தையில உள்ள போறத நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு தம்பி. வெளிய சொல்லிக்கிடவும் முடியல. இங்க மூச்சு முட்டுனாலும், பண்டலுக்கு அங்கிட்டு அவ தூங்குற சத்தம் கேக்கும்.

இல்ல, இல்ல, சண்டையெல்லாம் இல்ல. சண்டன்னா கால் கிலோ பால்கோவாவோட முடிஞ்சிருக்குமே. கோவமாக் கூடச் சொல்லல. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு போட்டுக்கிட்டே சொன்னா. எனக்கு இங்கதாங்க மூச்சு விட முடியுதுன்னா. இந்த வீட்டுல! நான், செத்த ரசம் ஊத்துன்னேன். ஊத்துனா.