ஒன்று என்று எழுதிய பலகை

கம்ப்யூட்டரில் வரும் அந்தக் கண்ணிவெடி விளையாட்டை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் அதை ஒழுங்காக ஆடியதே இல்லை, சார். ஒரு கட்டத்தைத் திறந்தால் ஓர் எண் வரும். இரண்டு என்றால், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இரண்டில் வெடி இருக்கிறது. எவை என்று யோசித்துச் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடி நட்ட கட்டத்தைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்.

தம்பிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அம்மா அப்பா போன பிறகு எங்கள் இருவருக்கும் அதுதான் துணை.

பெரியவனானதும் மேஜை நாற்காலி செய்யும் பட்டறைக்காக ஒரு பழைய கட்டடம் பிடித்தான். மாடித் தரை முழுக்கச் சதுரப் பலகைகள். பல உளுத்துப்போனவை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உளுத்ததன்மேல் சிவப்புத் துணியை ஆணியடித்தான். நல்ல பலகைகளில், சுற்றிலும் எத்தனை உளுத்தது என்று சாக்பீஸால் எழுதினான். "துணி பிஞ்சு பறந்தாலும் நம்பர் காட்டிக் கொடுத்துடும்க்கா" என்று சிரித்தான்.

அவன் மனைவிக்கும் நானே விளையாட்டைக் கற்றுக்கொடுத்தேன். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பட்டறையை விற்றுவிட்டு அவளோடு கிளம்பப்போவதாகத் தம்பி சொன்னான். பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போகும்போது, "வந்துட்டியாக்கா" என்று கேட்க யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வது?

ஒரே ஒரு துணியைத்தான் கழற்றினேன். எண்களைத் தொடவில்லை. இதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

மாடியின் கோடியில் நின்றுகொண்டு, வார்னிஷ் டப்பாவை எடுத்துவரும்படி அவளைக் கூப்பிட்டேன். துணிகளைச் சுற்றிச் சுற்றி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"அண்ணி, இதுல ஒண்ணுன்னு போட்டிருக்கு. சுத்தி ஒரு துணியும் காணோமே?"

முகம் வெளுத்திருந்தது. கால்விரல்கள் பலகையைக் கவ்விக்கொண்டிருந்தன. நன்றாகத்தான் கற்றிருந்தாள்.

"அத மாத்தியாச்சும்மா. புதுப் பலகை. நேரா வா."

"எனக்கென்னவோ பயமா இருக்கு அண்ணி."

"அட, நான் இருக்கேன்ல."

கீழே சிமெண்டுத் தரை.

உடைந்த பலகையில் ஆணி பிடுங்கிய ஓட்டையைத் தம்பி விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அந்தப் பலகையை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான் என்கிறீர்கள். இருக்கலாம். இப்போதெல்லாம் அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறான். நான் பரிமாறினால், முதல் வாய் நான் சாப்பிட்ட பிறகுதான் தட்டில் கை வைக்கிறான்.

சின்ன வயதிலிருந்தே அவன் பயந்த சுபாவம், சார். அவனைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி உங்களோடு வருவது?