காவேரியின் விவரங்கள் பத்திரம்

வீடு தேடுகிறவர்கள் முதலில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. அடுத்த கேள்வி, கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்பது. நம் ஓசூர் ஜூஜுவாடியில் இந்த இரண்டுக்கும் உண்மை சொல்கிற வீட்டுக்காரர் குறைவு. அதனால்தான் வாடகை வீடுகளுக்கென்று ஓர் இணையதளம் தொடங்கினேன். பெயர், போன் நம்பர், விலாசம், ஷிப்ட், பஸ் ஏறும் ஸ்டாப் எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

பாதுகாப்பில் நான் கறார். தளத்தின் பாஸ்வேர்டை என் கிளி ஒருநாள் ஒட்டுக்கேட்டுவிட்டது. மறுநாளே அதை எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது கன்னடம் மட்டும்தான் பேசுகிறதாம். ‘உங்கள் பெயர், எண், விலாசம் எதையும் யாரிடமும் சொல்லமாட்டோம்’ என்று முகப்பிலேயே எழுதிவைத்திருக்கிறேன். ‘மாட்டோம்’ என்று இருந்தாலும் நான் ஒருவன்தான்.

காவேரி கெலவரப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கூட வேலை செய்த வெஸ்லினைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டு, சொல்லாமல் வந்துவிட்டவள். பயப்படுகிறாள் என்று அவள் எழுதவில்லை. ஆனால் தளத்தில் என்ன தேடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். முதலில் மாடி வீடு தேடினாள். பிறகு ஜன்னலுக்குக் கம்பி போட்ட வீடு. பிறகு வாசலில் கேமரா. கடைசியில், பின்பக்கம் ஓடுவதற்கு இன்னொரு கதவு. அப்படியொரு வீடு கிடைத்துக் குடியும் போனார்கள்.

அப்புறம் போன் செய்தாள்.

“தாத்தா, எங்கண்ணன் ஓசூர்ல எடம் எடமா விசாரிக்கறான். என் விவரத்த எல்லாம் அழிச்சிருங்க. கும்பிட்டுக் கேக்கறேன்.”

“ஆகட்டும் கண்ணு.”

அழிக்கவில்லை. மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது. இவ்வளவு கட்டிக்காத்தவனிடம் இப்படியா கேட்பது? அழித்துவிட்டால் நான் எதைப் பாதுகாப்பேன்?

அண்ணன் திருமலை வந்தான். மரியாதை தெரிந்தவன், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான். சாக்குப் பையில் நீளமாக எதையோ துணி சுற்றி வைத்திருந்தான். என்னவென்று கேட்கவில்லை. அடுத்தவர் பையை நோண்டுவது அந்தரங்க மீறல்.

“பெரியவரே, எந்தங்கச்சி உங்ககிட்டதான் வீடு பாத்தாளாம். எங்க இருக்கறா?”

“பேரு, நம்பரு, விலாசம் மட்டும் கேக்காதப்பா. வாக்கு குடுத்திருக்கறேன்.”

“அப்ப என்னத்தத்தான்யா சொல்லுவ?”

“பஸ் ஸ்டாப்பு சொல்லலாம். அது ஊருக்கே பொதுவு.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஸ்டாப்பைச் சொன்னேன். முதல் ஷிப்ட் என்றும் சொன்னேன். ஷிப்ட் கம்பெனிக்குச் சொந்தமே தவிர, அவளுக்குச் சொந்தமில்லையே. அந்த ஸ்டாப்பில் முதல் ஷிப்டுக்கு ஏறுகிற பெண் அவள் ஒருத்திதான். அதை நான் சொல்லவில்லை.

காலையில் பஸ் வந்தபோது அவளுடைய சாப்பாட்டுப் பை மட்டும் ஓரமாக நின்றதாம். அவள் கொஞ்சம் தள்ளிக் கிடந்தாளாம். வீட்டுக்குத்தான் இரண்டு கதவு, ஸ்டாப்புக்கு ஏது? நீங்கள் காட்டிய அந்தப் படத்தை வேறு யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அம்மா. அது அவளுடைய அந்தரங்கம்.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தாராளமாக எடுத்துப்போய்ப் பாருங்கள். காவேரியின் பெயரும் எண்ணும் விலாசமும் அப்படியே இருக்கும். நான் காப்பாற்றிவிட்டேன்.