முந்நூற்று நாற்பது டிகிரி

— வெடிச்சிருச்சு மாமா. ஒண்ணுகூட மிச்சமில்ல.

— என்னத்தடா வெடிச்ச? லேப் நின்னுக்கிட்டுத்தான இருக்கு?

— சுரங்கத்துல அஞ்சாவது மட்டத்துலேருந்து நீங்க கொண்டாந்த குவார்ட்ஸ் கல்லு. மெல்லிசாச் சீவி மைக்ராஸ்கோப்புல வெச்சேன். உள்ள பொடிப்பொடியாத் தண்ணித்துளி, ஒவ்வொண்ணுலயும் ஒரு குமிழி. கல்லு உருவானப்ப மாட்டிக்கிட்ட தண்ணி. கோடிக்கணக்கான வருஷமா பத்திரமா இருந்துச்சு. நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள போயிருச்சு.

— டீக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் மாப்ளே?

— சூட்டை மெல்ல ஏத்திக்கிட்டே கண்ணெடுக்காம பாக்கணும். குமிழி எந்தச் சூட்டுல மறையுதோ, அதை வெச்சுத்தான் வெள்ளீயம் எந்தப் பக்கம் படிஞ்சிருக்கும்னு கணக்குப் போடுவோம். நான் ஏத்தி விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

— சரி விடு. தெரியாமப் பண்ணது.

— வெடிச்சது தெரியாம. ரிப்போர்ட் எழுதுனது தெரிஞ்சுதான்.

— என்னன்னு எழுதுன?

— முந்நூத்தி நாப்பது டிகிரி. முந்நூத்தம்பதுன்னு முழுசாப் போட்டா கப்சான்னு தெரிஞ்சுரும்னு பத்து கொறச்சேன். என் நேர்மை அவ்வளவுதான்.

— அடப்பாவி!

— அதை வெச்சு வெள்ளீயம் அங்கதான்னு நம்பி இஞ்சினியர் நாளைக்கு அஞ்சாவது மட்டத்துல இருபது பேரை எறக்குறாரு. மேல பாறை நொறுங்குற எடம் மாமா. "உன் கண்ணு கண்ணுய்யா"ன்னு தோள்ல தட்டுனாரு. அந்தத் தோளைக் கழட்டி எங்கயாவது ஒளிச்சு வெச்சிரலாமான்னு இருந்துச்சு.

— போய் ஒளறிக் கொட்டிடாத. யோசிப்போம்.

— யோசிச்சுட்டேன். அதே எடத்துலேருந்து இன்னொரு கல்லு கொண்டாங்க. இன்னிக்கே அளந்து, நெசமான சூடு, நான் எழுதுன பொய், ரெண்டையும் அவர்கிட்ட சொல்லிடறேன். வேலை போனாப் போகுது.

— அங்க இப்ப தண்ணி நிக்குது.

— இறைச்சு முடிச்சாச்சுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க?

— பாறையத் தாங்குற முட்டுமரம் சரியில்ல.

— அப்ப நானே போறேன். எடத்தை மட்டும் சொல்லுங்க.

— உங்கக்கா தேடுவா, வா போலாம்.

— அக்காவை ஏன் நடுவுல இழுக்கறீங்க? எந்த எடம் மாமா?

— தெரியாதுடா. என் கூட்டாளி மேல பாறை விழுந்ததுலேருந்து நான் மூணாவது மட்டத்துக்குக் கீழ எறங்கினதே இல்ல. அந்தக் கல்லு, சுரங்க வாசல்ல கொட்டிக் கெடக்குற குவியல்ல பொறுக்குனது.